எட்டுத் தாமரைக்குக் குறுக்கே ஒரு பைப்

அந்த மர மச்சைப் பிளந்தது நீங்கள்தான், டிசைனர் சார். டிரில் மெஷினைப் பிடித்தது என் கை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் எங்கே துளை போட வேண்டும் என்று கோடு காட்டியது நீங்கள். பிறகு, அன்றைக்கு ஊரிலேயே இல்லாத ஒரு மனிதனின் தலையில் அந்தப் பழியைத் தூக்கி வைத்ததும் நீங்கள்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில் வயரிங் வேலை செய்கிறேன். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது வெளியே தெரியும்படி பைப் ஓட்டி, அதற்குள் வயர் இழுப்பதுதான் எனக்கு அதிகமாக வருகிற வேலை. புது வீட்டில் சுவரை வெட்டி உள்ளே புதைத்துவிடலாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் கட்டிங் மெஷினை வைத்தால், ஒரு சாண் வெட்டுவதற்குள் ஒரு முறம் காரை கீழே விழும். ஆகவே சுவரை விட்டு மேலே போக வேண்டும். மேலே போனால் செதுக்கின மரம் இருக்கும், அல்லது சாந்தில் பண்ணின பூ இருக்கும். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள். அதன் நடுவில் எங்கள் பைப் போக வேண்டும், உறுத்தவும் கூடாது. சொல்வதற்கு எளிது.

என்னோடு சேர்ந்து பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவர் திருநெல்வேலிக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். இது அவரைப் பற்றி எழுதுவது என்பதால் அவரைப் பெரிய மகான் ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. வாய் மோசம். வரைபடத்தை நீட்டினால் நாலாக மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். எஞ்சினியர் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல பேருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கே பல நாள் பிடித்ததில்லை.

திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீவராகத்தில் அந்த வீடு. அங்கே மாமி ஒருவர் தனியாக இருக்கிறார். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முன்பக்க ஹாலையும் இரண்டு அறைகளையும் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும் என்று உங்களை ஏற்பாடு செய்திருந்தார். மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால், நடந்ததைச் சொல்லும்போது உங்களை டிசைனர் சார் என்றே எழுதுகிறேன். வயரிங் எங்களுக்கு வந்தது. முதல் நாளே மாமி சட்டம் போட்டார்.

"சுவரை இடிக்கப்படாது. மச்சுல ஒரு கீறல் விழப்படாது. ஆனா லைட் எரியணும், ஃபேன் சுத்தணும், கேட்டேளா?"

அண்ணாச்சி மேலே பார்த்தபடியே, "அப்ப கரண்ட வாளியிலதான் கொண்டாரணும் மாமி" என்றார்.

"கொண்டாங்கோ. சிந்தாம கொண்டாங்கோ."

அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

ஹாலின் மேல்தட்டு முழுக்கப் பலாமரம். அதைத்தான் மச்சு என்கிறோம். ஹாலின் நீளத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய உத்திரங்கள். அவற்றின் மேல் குறுக்கே எட்டு அகலமான பலகைகள். ஒவ்வொரு பலகையின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு தாமரை. பலகைகளுக்கு மேலே, வெயில் கீழே இறங்காமல் இருக்க, மாமியின் மாமனார் காலத்தில் மணல் பரப்பியிருக்கிறார்கள். இதை மாமியே சொன்னார். நான் கேட்டேன், தலையாட்டினேன், மறந்தேன்.

அண்ணாச்சி ஏணியில் ஏறி ஒவ்வொரு பலகையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி விட்டு, மணல் இறங்காதபடி அதை மேலே சட்டம் வைத்து மூடியிருந்தார்கள். அதில் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு உத்திரத்தின் உள்பக்கத்தில் பழைய ஆணி ஓட்டைகளைக் காட்டினார். முன்காலத்தில் மெல்லிய மரச்சட்டம் அடித்து அதன் மேல் வயர் ஓட்டின தடம். அந்த ஆட்களும் பலகையைத் தொடவில்லை. உத்திரத்தோடு ஒட்டியே போயிருந்தார்கள்.

"இந்த வழியே போவோம். புதுசா ஒரு ஓட்டைகூட வேண்டாம்" என்றார்.

அப்படியே போட்டார். கறுப்பு இரும்பு பைப். உத்திரத்தில் தும்பிக்கை மாதிரிச் செதுக்கல் வரும் இடங்களில் பைப்பை வளைத்துக் கீழே இறக்கி, செதுக்கலைத் தாண்டி மறுபடி மேலே ஏற்றினார். ஒரு வளைவுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

டிசைனர் சார் வந்து பார்த்தார். அதற்கு முன்பு அவர் கழக்கூட்டத்தில் ஐ.டி. ஆட்களுக்காக ஒரு காபிக் கடை செய்திருந்தார். அங்கே கான்கிரீட் தட்டின் நடுவில் இதே கறுப்பு பைப்பை நேராக ஓட்டி, வரிசையாக விளக்குத் தொங்கவிட்டிருந்தார். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அதையே இங்கேயும் செய்ய நினைத்தார். எட்டுத் தாமரைக்கும் பக்கத்தில் எட்டு விளக்கு, நடுவில் ஒரே நேர்க்கோட்டில் பைப்.

"அண்ணா, இது என்னா இது? பாம்பு ஊர்ந்து போன மாதிரி இருக்கு கேட்டோ. ஒரு ஸ்ட்ரெயிட் லைன், அது மதி, அது போதும்."

அண்ணாச்சி அவரைப் பார்க்காமல் மச்சைப் பார்த்துச் சொன்னார். "உத்திரத்துல ஆணி தறைச்சா உத்திரம் தாங்கும். எட்டுப் பலகையையும் சேத்து ஒரு இரும்புல தறைச்சா, மழைக்கு ஊதுத பலகை எங்க போவும்?"

"நூறு வருஷமா ஒண்ணும் ஆகாத மரம். இப்பவா அண்ணா ஊதப் போகுது?"

"அது வருசா வருசம் ஊதுது, சுருங்குது. இதுவரைக்கும் அதை யாரும் கட்டிப்போடல. அதான் ஒண்ணும் ஆவல."

இதை நான் காதால் கேட்டேன். மாமியும் கேட்டார். டிசைனர் சாரும் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்று இனி அவர் சொல்ல முடியாது.

அண்ணாச்சியின் மனைவிக்குக் கண்ணில் ஆபரேஷன். மூன்று நாள் ஊருக்குப் போனார். போன மறுநாள் காலையில் டிசைனர் சார் லேசர் கருவியோடு வந்தார். அடுத்த நாள் ஹாலைப் படம் எடுக்க ஆள் வருகிறார், இன்றே மாற்றியாக வேண்டும் என்றார். ஸ்டாண்டில் கருவியை வைத்துச் சுவிட்சைப் போட்டார். எட்டுத் தாமரையின் இதழ் ஓரத்தில் உரசிக்கொண்டு சிவப்பாக ஒரு கோடு மச்சின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை விழுந்தது.

"இதுமேல போட்டா போதும், சேட்டா. உங்களுக்குப் புரியும். அவருக்குத்தான் புரியாது."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பத்தொன்பது வருடமாக அண்ணாச்சி சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவனிடம், உனக்குத்தான் புரியும் என்று ஒருவர் சொல்கிறார். கோடும் அழகாகத்தான் இருந்தது. உத்திரத்திலிருந்து பைப்பைக் கழற்றினேன்.

முதல் துளையிலேயே மணல் வந்தது. ஊசி மாதிரி மெல்லிசாக, என் முழங்கையில் பட்டுத் தரையில் விழுந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சுண்ணாம்புக் காரை உதிர்கிறது என்று. மாமி சொன்னது நினைவுக்கு வரவேயில்லை. சுவரில் துளை பெரிதாகிப் போனால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். சோப்பைக் கிள்ளி அடைத்தேன். திருகாணியின் நீளத்தைக் குறைத்துக்கொண்டேன். பலகைக்கு இரண்டு வீதம் பதினாறு சேடில். பைப்பைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன இரும்புப் பட்டைகளை முடிந்த மட்டும் இறுக்கினேன். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் டிசைனர் சார் என் தோளில் தட்டினார். மாமி வாசற்படியில் நின்று பார்த்தார். "அவர் வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய்விட்டார்.

அண்ணாச்சி திரும்பி வந்து ஹாலில் நின்று மேலே பார்த்தார். கையில் சாப்பாட்டுப் பை அப்படியே இருந்தது.

"ஏம்வே, பலகையில தறைச்சுட்டீரே."

"டிசைனர் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. உமக்குத் தெரியாதாவே?"

"எல்லாத்துக்கும் நீங்க சொல்றதுதான் சட்டமா அண்ணாச்சி? பாக்க நல்லாத்தான இருக்கு?"

அவர் சத்தம் போடவில்லை. திருகாணிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவோம், பலகை நகர்வதற்கு இடம் கிடைக்கும் என்றார். படம் எடுத்தாச்சு, இனிமேல் கை வைக்க வேண்டாம் என்று நான் மறித்தேன்.

"எனக்கு என்னவே. மழைகிட்ட சொல்லிக்கிடும்" என்றார்.

கர்க்கடக மழை, நம் ஆடி மாதத்து மழை, பிடித்து ஒரு வாரம் இருக்கும். காலையில் மாமி போன் செய்தார்.

"டப்புனு ஒரு சத்தம். தங்க வந்தவா பட்டாசுன்னு நெனச்சுண்டா. அப்புறம் பாத்தா இட்லி மேல மணல் கொட்டறது. சட்னியில மணல். தலையில மணல். மெட்ராஸ்லேர்ந்து வந்தவா, இது என்ன மாமி உங்க ஊர்ப் பொடியான்னு கேக்கறா. ரெண்டு பேரும் வாங்கோ."

சிரிப்பாகச் சொன்னாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டார். போனோம். ஐந்தாவது பலகை தாமரையின் குறுக்கே பிளந்திருந்தது. மழை ஈரத்துக்கு எட்டுப் பலகையும் ஊதியிருக்கின்றன. நகர்வதற்கு விட்டிருந்த இடைவெளியை நான் இரும்பால் கட்டிப்போட்டிருந்தேன். போக இடமில்லாமல் நடுவில் இருந்தது உடைந்தது. பிளவு வழியே மணல் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. மாமி அதன் கீழே ஒரு வெண்கல உருளியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி என்னை ஏணியில் ஏற விடவில்லை. பதினாறு சேடிலின் திருகாணிகளையும் அவரே கழற்றினார். அவர் தலையிலும் கண்ணிமையிலும் மணல். கடைசி திருகாணி வந்ததும் பலகைகள் லேசாக முனகின. அது எனக்குக் கேட்டது. அன்றைக்கே பைப்பைப் பழையபடி உத்திரத்துக்குக் கொண்டுபோனார். தச்சர் ஒருவர் துளைகளை அடைத்து, பிளவில் மெல்லிய பலாச் சீவலை வைத்து ஒட்டினார். கீழிருந்து பார்த்தால் இப்போதும் தெரியும், தாமரையின் நடுவில் ஒரு தழும்பு மாதிரி.

இதோடு முடிந்திருந்தால் இது மாமியோடு சேர்த்து எங்கள் மூன்று பேருக்குள்ளேயே இருந்திருக்கும்.

நாலைந்து நாள் கழித்துச் சாலைக் கடைத்தெருவில், நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் நின்றிருந்தோம். கடை முதலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான். போனை அண்ணாச்சியிடம் நீட்டினார். ஊரில் உள்ள கான்டிராக்டர்களும் டிசைனர்களும் இருக்கிற வாட்ஸாப் குரூப். அதில் இரண்டு படம். ஒன்றில் பிளந்த தாமரை. அதை மாமியே டிசைனருக்கு அனுப்பியிருந்தார், என்ன செய்வது என்று கேட்பதற்காக. இன்னொன்றில் அண்ணாச்சி, ஏணியின் மேல், காதில் பென்சிலோடு, பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. முதல் நாள் அந்த மச்சுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே, அப்போது டிசைனர் சார் எடுத்த படம். கீழே, பாரம்பரிய வேலையை விவரம் தெரியாத தொழிலாளிகளிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள்.

"வே, இது உம்ம மூஞ்சிதானே?" என்றார் முதலாளி.

அண்ணாச்சி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நம்ம மூஞ்சிதான். முடிதான் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது."

"வெளையாட்ட விடும். மச்சப் பொளந்தது நீரா?"

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் வயரிங், பிளம்பிங் ஆட்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பைப்பு நாங்க போட்டதுதான்" என்றார் அண்ணாச்சி.

நாங்கள் என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சேடில் டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்கு அவசியமே இல்லை, சீல் உடைக்காத டப்பா அது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணாச்சி ரொம்ப நாளாகக் காத்திருந்த வேலை ஒன்று இருந்தது. ஒரு பழைய வாசகசாலை. மேல்தட்டு முழுக்கச் சாந்துப் பூ வேலை. இரண்டு முறை தானாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எந்தப் பூவையும் தொடாமல் சுவர் விளிம்போடு பைப்பை எப்படிக் கொண்டுபோவது என்று பேருந்தில் வரும்போது விரலால் காற்றில் வளைத்துக் காட்டுவார். அந்த வேலையின் கான்டிராக்டர் எனக்குப் போன் செய்தார்.

"நீ வா. மற்ற ஆளு வேண்டா. மச்சு பொட்டிச்ச ஆளல்லே அது?"

உடைத்தவன் நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணாச்சியிடம் வேலை தள்ளிப்போயிருக்கிறது என்று பொய் சொன்னேன். "சரி" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரமே கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட் வேலைக்குப் போய்விட்டார். நாள் முழுக்கச் சுவரை வெட்டுகிற வேலை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சிமெண்ட் தூசிக்குள் நிற்கிறார். அறுபதை நெருங்குகிற ஆள். இருமல் பிடித்திருக்கிறது. அங்கே யாருக்கும் அவர் பைப் வளைப்பார் என்பதே தெரியாது.

போன மாதம் மாமி வீட்டில் ஒரு சுவிட்சு மாற்றப் போனேன். மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"அவரைப் பத்தி என்னவோ போட்டிருக்காளாமே. என் ஆத்து மச்சைக் காட்டி."

"ஆமா மாமி."

"அன்னிக்கு அவர் ஊர்லயே இல்லை. எனக்குத் தெரியாதா? நீங்கதானே ஏணியில ஏறினேள்?"

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் சொல்லலாம். நாளைக்கே சொல்றேன். ஆனா நான் முதல்ல சொன்னா உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். நீங்க சொன்னேள்னா அது வேற. காபி ஆறறது, குடியுங்கோ."

அன்று மத்தியானமே கடை முதலாளியிடம் சொல்லி அந்தக் குரூப்பில் என்னையும் மாமியையும் சேர்க்க வைத்தேன். என் படத்தைப் போட்டேன். பேசிப் பதிவு செய்தும் போட்டேன். பலகையில் துளை போட்டவன் நான், அண்ணாச்சி அன்றைக்கு மனைவியின் கண் ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலியில் இருந்தார், அவர் போட்ட பைப் உத்திரத்தில்தான் இருந்தது, கோடு போட்டுக் கொடுத்தது டிசைனர் சார். இவ்வளவுதான். மாமியும் அதற்குக் கீழே, தானே பார்த்ததாகவும் இது உண்மை என்றும் எழுதினார்.

சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்தார். இருமிவிட்டுத்தான் பேசினார்.

"எதுக்குவே இது? என் மூஞ்சி போதாதுன்னு உம்ம மூஞ்சியையும் கொண்டு போட்டீரா?"

"நீங்க ஏன் அண்ணாச்சி அன்னைக்குக் கடையில சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அந்தா நிக்கான் பாரு, அவந்தான்னு கைய நீட்டவா? உம்மப் பாத்தேன். சேடிலை எண்ணிக்கிட்டு இருந்தீரு. சரி, எண்ணட்டும்னு விட்டுட்டேன்."

வாசகசாலை கான்டிராக்டரிடம், அண்ணாச்சி இல்லாமல் நான் வரமாட்டேன், உடைத்தது நான் என்று நேரில் போய்ச் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. கூட்டாளியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாய் என்றார். "டிசைனர் சொல்லட்டே. அப்போ நோக்காம்." டிசைனர் வாயால் வந்தால்தான் பார்க்கலாம் என்கிறார். வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதிக நாள் காத்திருக்க மாட்டார்.

டிசைனர் சார், என் பதிவை நீங்கள் கேட்டீர்கள். கேட்டதற்கு அடையாளம் என் போனில் இருக்கிறது. குரூப்பில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினீர்கள். இதெல்லாம் குரூப்பில் வேண்டாம் சேட்டா, நேரில் ஒரு சாயா குடித்துப் பேசித் தீர்க்கலாம் என்று. அண்ணாச்சியின் படத்தைப் போடுவதற்கு முன் அவரை ஒரு சாயாவுக்குக் கூப்பிட்டீர்களா? அதை எல்லாரும் பார்க்கத்தானே போட்டீர்கள்?

எனக்கு உங்கள் சாயா வேண்டாம். எனக்கும் அந்தப் பிளவில் பங்கு உண்டு, அதை என் வாயால் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கு பாக்கி நிற்கிறது. அந்தச் சிவப்புக் கோட்டை மச்சில் விழ வைத்தது யார்? அன்றைக்கு ஏணியில் இருந்தது யார்? பலகையில் தறைக்காதே என்று உங்கள் முன்னால் சொன்னது யார்? அண்ணாச்சியின் முகத்தை எந்த இடத்தில் போட்டீர்களோ அதே இடத்தில், அதே ஆட்கள் படிக்க, உங்கள் பெயரில் பதில் எழுதுங்கள்.